ஆனைச்சரிவில் எந்தக் காரும் சாய்வதில்லை

முதலில் ஒரு விடுகதை. மலையிலிருந்து ஒரு கார் இறங்குகிறது. வலப்பக்கம் திரும்பும் வளைவில் எந்தக் காரும் இடப்பக்கம் சாயும், இடப்பக்கம் திரும்பும் வளைவில் வலப்பக்கம் சாயும். உங்கள் அப்பாவின் கார் சாயும், கலெக்டரின் கார் சாயும், மாலை போட்ட மாப்பிள்ளை உட்கார்ந்திருக்கும் காரும் சாயும். இந்தக் கார் மட்டும் சாயவில்லை. முன்கண்ணாடிக்குக் கீழே வைத்த டம்ளரில் விளிம்பு வரை நின்ற தண்ணீர், அடிவாரம் போய்ச் சேரும் வரை ஒரு சொட்டும் சிந்தவில்லை. அப்படியானால் அது சாயாத சாய்வெல்லாம் எங்கே போனது? விடை தெரிந்தவர்கள் இப்போதே சொல்லிவிட வேண்டாம். மனதுக்குள் வைத்துக்கொண்டு கேளுங்கள்.

ஆனைச்சரிவு மலைக்கு மேலே இருந்தது. ஆஸ்பத்திரி, சந்தை, சினிமாக் கொட்டகை, கடன் கொடுக்கிறவர்கள், பெண் கொடுக்கிறவர்கள் எல்லோரும் மலைக்குக் கீழே இருந்தார்கள். நடுவில் இருபத்திரண்டு கொண்டை ஊசி வளைவுகள், ஒவ்வொன்றின் முக்கிலும் எண் எழுதிய ஒரு மஞ்சள் கல். அந்த ரோட்டில் இறங்குகிறவர்களும் ஏறுகிறவர்களும் எலுமிச்சம்பழத்தை முகர்ந்துகொண்டும், புளி உருண்டையை நாக்குக்கு அடியில் அடக்கிக்கொண்டும், கண்ணை மூடிக்கொண்டும், கடைசியில் எப்படியும் வாந்தி எடுத்தார்கள். பிரசவத்துக்குப் போனவள் வாந்தி எடுத்தாள், துக்கத்துக்குப் போனவர்கள் அழுகையை நிறுத்திவிட்டு வாந்தி எடுத்தார்கள், மலை பார்க்க வந்த வெளியூர்க்காரர்கள் மலையைப் பார்ப்பதற்கு முன்பே வாந்தி எடுத்தார்கள்.

அந்த ஊரின் வாடகைக் கார்களிலேயே அதிகமாகச் சாய்ந்தது சௌந்தரபாண்டியின் கார். அதில் ஏழு பேர் உட்காரலாம். ஏழு பேரும் வாந்தி எடுக்கலாம். டீக்கடை பெஞ்சில் இருந்தவர்கள் அவனைப் பார்க்கும்போதெல்லாம், "என்ன பாண்டி, இன்னைக்கு எத்தனை கவர் நெறஞ்சுச்சு?" என்று கேட்டார்கள். வாடகைக் கார் சங்கத் தலைவர் தவமணி இன்னும் ஒரு படி மேலே போய், "பாண்டி காரு போனா போதும்யா, ரோட்டோரச் செடிக்கு ஒரமே போட வேணாம்" என்று சொன்னார். சௌந்தரபாண்டி அவர்களோடு சேர்ந்து சிரித்துவிட்டு, ஒருநாள் காரை அடிவாரத்தில் ஹக்கீம் பாயின் பட்டறைக்கு ஓட்டிக்கொண்டு போனான்.

காருக்கு அடியில் ஒரு கம்பி இருக்கிறது. இரண்டு முனையும் மடங்கி, படுக்கவைத்த ஒரு பெரிய 'ப' போல இருக்கும். பட்டறைக்காரர்கள் அதை ஸ்டெபிலைசர் ராடு என்பார்கள். அது இடது சக்கரத்தையும் வலது சக்கரத்தையும் குறுக்கே சேர்த்துப் பிடித்திருக்கும். வளைவில் ஒரு பக்கம் அமுங்கப் போகும்போது, தான் முறுக்கிக்கொண்டு, அமுங்க விடாமல் மறுபக்கத்தோடு இழுத்துக் கட்டும். கம்பி மெலிந்திருந்தால் கார் அதிகம் சாயும், தடித்திருந்தால் குறைவாகச் சாயும். அவ்வளவுதான் அதன் வேலை.

"முன்னாடியும் பின்னாடியும் தடி ராடு போட்டுத் தர்றேன். ராடைப் பிடிக்கிற ரப்பர் புஷ்ஷைத் தூக்கிட்டுக் கெட்டிப் புஷ் மாட்டுறேன்" என்றார் ஹக்கீம் பாய். "ஒத்த வீலு பள்ளத்துல விழுந்தா இடுப்பு ஒடியும், இப்பவே சொல்லிட்டேன். ஆனா வளைவுல காரு பலகை மாதிரி போகும்."

"வாந்தி வராதே பாய்?"

"வந்தா என் கடை வாசல்ல வந்து எடுக்கச் சொல்லு, நானே கழுவுறேன்."

அந்த ஊரின் ஒரு வழக்கத்தை இங்கே சொல்லிவிட வேண்டும். ஆனைச்சரிவில் கார் வைத்திருப்பவர்கள் பின்கண்ணாடியில் சாமியின் பெயரையும் முன்கண்ணாடியின் நெற்றியில் பிள்ளையின் பெயரையும் எழுதி வைப்பார்கள். சாமி பின்னாலிருந்து தள்ளும், பிள்ளை முன்னாலிருந்து இழுக்கும் என்பார்கள். சௌந்தரபாண்டியின் காரில், மஞ்சள் கரையிட்ட சிவப்பு எழுத்தில், 'சஷ்மிதா' என்று எழுதியிருந்தது. எழுதியது ஸ்டிக்கர் கடை பாக்கியநாதன். ஊரில் எல்லாக் கார்களுக்கும் அவர்தான் எழுதினார்.

சஷ்மிதா நாலாம் வகுப்பு படித்தாள். கட்டம் கீறி நொண்டியடிக்கும் பாண்டி விளையாட்டில் அவளை யாரும் ஜெயித்ததில்லை. ஒற்றைக் காலில் நின்றுகொண்டு, அடுத்த கட்டத்தை அவசரமில்லாமல் யோசித்து, வழியில் போகிறவர்களுக்குப் பதிலும் சொல்லுவாள். ஓட்டுச் சில்லை ஒருபோதும் கோட்டில் விழ விட்டதில்லை. பள்ளிக்கூடத்தில் அவளுக்குக் கொக்கு என்று பெயர்.

தடி ராடு போட்ட கார் நாலு சக்கரத்துக்கும் நாலு எலுமிச்சம்பழம் நசுக்கி ஆனைச்சரிவிலிருந்து முதல் சவாரி இறங்கியபோது, பள்ளிக்கூடத்தில் காலை வணக்கம் நடந்துகொண்டிருந்தது. வரிசையில் நின்ற சஷ்மிதா, கால் பெயராமல், முழங்கால் மடங்காமல், வேரோடு சாயும் வாழை போல இடப்பக்கம் சாய்ந்தாள்; நிமிர்ந்தாள்; பிறகு வலப்பக்கம் சாய்ந்தாள்.

"சஷ்மிதா, நேரா நில்லு" என்றாள் டீச்சர்.

"நேராத்தான் டீச்சர் நிக்கிறேன். தரைதான் போகுது."

அதே நேரத்தில் காருக்குள் இருந்த ஏழு பேரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டு, எடுக்காத வாந்தியை எண்ணிச் சிரித்துக்கொண்டிருந்தார்கள். அன்று மாலைக்குள் 'பாண்டி காரில் வாந்தி வராது' என்ற செய்தி அடிவாரம் வரை போய்விட்டது; 'பாண்டி மகள் சாய்கிறாள்' என்ற செய்தி டீக்கடையோடு நின்றுவிட்டது.

ஆனைச்சரிவில் யாரும் ஏன் என்று கேட்கவில்லை. எப்போது என்றுதான் கேட்டார்கள். கார் கீழிருந்து திரும்பும்போது அவள் இருபத்திரண்டு முறை சாய்ந்து நிமிர்ந்தால் சற்று நேரத்தில் கார் ஊருக்குள் வந்து நிற்கிறது என்பதை டீக்கடைக்காரர்தான் முதலில் கண்டுபிடித்தார். அது ஊருக்கு மிகவும் வசதியாக இருந்தது. லீவு நாட்களில் டீக்கடைக்கு முன்னால் அவளுக்கு ஒரு ஸ்டூல் போட்டார்கள், கையில் ஒரு தேன்மிட்டாய் கொடுத்தார்கள், அவளைப் பார்த்துப் பார்த்து டீ போட்டார்கள். "பிள்ளை எடது சாஞ்சிருச்சு, பதினேழாவது வளைவுடா, பாலை அடுப்புல வை" என்பார் டீக்கடைக்காரர். சவாரிக்குக் காத்திருந்தவர்கள் அவள் சாயும் வேகத்தைப் பார்த்துவிட்டு, "இன்னைக்குப் பாண்டி அவசரமா வர்றான், மூட்டையத் தூக்குங்க" என்று எழுந்து நின்றார்கள். சாயங்காலம் கார் நின்ற பிறகு அவள் ஸ்டூலிலிருந்து இறங்கிப் போய்ப் பாண்டி விளையாடினாள். அப்போதும் அவளை யாரும் ஜெயிக்கவில்லை. ஆகவே அதில் யாருக்கும் ஒரு குறையும் தெரியவில்லை.

பிறகு தவமணியும் தன் காருக்குத் தடி ராடு போட்டார். அவர் கார் நெற்றியில் 'ஹரிணேஷ்' என்று மகன் பெயர் இருந்தது. கார் மூன்றாவது வளைவைத் தாண்டுவதற்குள், கிணற்றடியில் பல் விளக்கிக்கொண்டிருந்த ஹரிணேஷ் சாய்ந்து துவைக்கும் கல்லில் நெற்றியை உடைத்துக்கொண்டான். கார் திரும்பி வந்ததும் தவமணியின் மனைவி தோசைக் கரண்டியோடு வந்து மகன் பெயரை எழுத்து எழுத்தாகச் சுரண்டி எடுத்தாள். மறுநாள் பெயரில்லாத கார் பூண்டு மூட்டைகளோடு இறங்கியது. ராடு காரைச் சாய விடவில்லை. சாய்வுக்குப் போக வேறு இடமும் இல்லை. ஆறாவது வளைவில் கார் முழுசாகப் புரண்டது. கூட வந்த பூண்டு வியாபாரிக்கு ஒரு கை போனது. சரிவு முழுக்கப் பூண்டு சிதறிக் கிடந்து, அந்த மழைக்கே முளைத்துவிட்டது.

காரைத் தூக்கி நிறுத்திப் பழுது பார்த்ததும் தவமணி பாக்கியநாதனின் கடைக்குப் போனார்.

"பேரு எழுதணும்ணே."

"ஹரிணேஷ்தான? அச்சு இருக்கு."

"அது வேணாம். வேற எழுதுங்க."

"வேற யாரு பேரை எழுத?"

தவமணி கடைக்கு வெளியே ரோட்டைப் பார்த்தார். "பாண்டி மக பேரை எழுதுங்க."

"அவங்கிட்டக் கேட்டியா?"

"பேருதானண்ணே, பொண்ணையா கேக்குறேன்? அவ எப்படியும் சாயுறவ. கூட ரெண்டு சாஞ்சா என்ன, தேஞ்சா போயிருவா?"

பாக்கியநாதன் கொஞ்ச நேரம் கத்தரிக்கோலைத் துடைத்தார். பிறகு சிவப்புத் தாளை எடுத்து, மஞ்சள் கரை வைத்து, 'சஷ்மிதா' என்று வெட்டினார்.

ஒருவருக்குக் கிடைத்தது எல்லோருக்கும் வேண்டியிருந்தது. ஒவ்வொரு காராக அடிவாரத்துக்குப் போய்த் தடி ராடு மாட்டிக்கொண்டு வந்தது. ஒவ்வொரு தாயாகத் தோசைக் கரண்டியோடு வெளியே வந்தாள். தர்ஷனாவும் முகிலனும் ஜெனிஃபரும் பர்வீனும் கண்ணாடிகளிலிருந்து உதிர்ந்தார்கள். எல்லாக் கார்களின் நெற்றியிலும், பள்ளிக்கூட வேனின் நெற்றியிலும், பால் வண்டியின் நெற்றியிலும், சிவப்பில் மஞ்சள் கரையோடு, ஒரே பெயர் வந்து உட்கார்ந்தது. காலையில் ஸ்டாண்டில் வரிசையாக நின்ற கார்களைப் பார்த்தபோது சௌந்தரபாண்டி கண்ணைத் துடைத்துக்கொண்டான். அது துக்கம் என்று நினைத்துவிடாதீர்கள். அவனைச் சங்கத்துக்குத் துணைத்தலைவர் ஆக்கியிருந்தார்கள். வாந்தி வண்டி என்று இப்போது யாரும் சொல்வதில்லை. வெளியூர்க்காரர்கள் சஷ்மிதா என்பது அந்த மலையின் அம்மன் பெயர் என்று நினைத்து, கார் ஏறுமுன் கண்ணாடியைத் தொட்டுக் கும்பிட்டார்கள்.

இனி அவளுக்குச் சாயங்காலம் என்று ஒன்று இல்லை. எப்போதும் ஏதாவது ஒரு கார் ஏதாவது ஒரு வளைவில் திரும்பிக்கொண்டிருந்தது. ஒரு கார் இறங்கி இன்னொரு கார் ஏறும்போது அவள் மேலுடம்பு இடப்பக்கமும் இடுப்பு வலப்பக்கமுமாகப் போயிற்று. அவள் பிழியும் துணிபோல முறுக்கிக்கொண்டாள். விடுகதைக்கு விடை இதுதான். நீங்களும் இதற்குள் கண்டுபிடித்திருப்பீர்கள்.

ஊர் அவளைக் கைவிடவில்லை. சங்கத்தார் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் அவளுக்கென்று ஒரு அறை கட்டினார்கள். நடுவில் ஒரு தூண் நட்டு, பழைய கார் சீட்டிலிருந்து பஞ்சை எடுத்துச் சுற்றி, சீட் பெல்ட் வைத்து அவளைத் தூணோடு கட்டினார்கள், விழுந்து அடிபட்டுவிடக் கூடாது என்று. தோளுக்கு ஒன்று, இடுப்புக்கு ஒன்று. தீபாவளிக்குப் புதுப் பெல்ட் போட்டார்கள். டீச்சர் வாரம் ஒருமுறை வந்து பாடம் சொன்னாள். தாய்மார்கள் பிள்ளைகளைக் கூட்டி வந்து, "அக்காவுக்குத் தேங்க்ஸ் சொல்லுடா, அக்காவாலதான் நான் ஊட்டி விட்ட இட்லிய நீ கக்காம அப்பத்தா வீட்டுக்குப் போன" என்று சொல்லவைத்தார்கள். பிள்ளைகள் தேங்க்ஸ் சொல்லிவிட்டு வெளியே ஓடி, அந்த அறைக்கு எதிரே இருந்த சிமெண்டுத் தரையில் கட்டம் கீறிப் பாண்டி விளையாடினார்கள். வேறு இடம் இல்லாமல் இல்லை. அந்தத் தரைதான் வழுவழுப்பாக இருந்தது. ஹரிணேஷ் ஒற்றைக் காலில் நின்று, இடப்பக்கமும் வலப்பக்கமும் சாய்ந்து காட்டி, "நான் யாரு, சொல்லு பாப்போம்?" என்றான். எல்லோரும் சிரித்தார்கள். சஷ்மிதா தன் சில்லைப் பாவாடைப் பைக்குள் வைத்திருந்தாள். அதைக் கையால் மூடிக்கொண்டாள்.

ஒருநாள் அவள் அப்பாவிடம் கேட்டாள். "அப்பா, பழைய ராடையே மாட்டுங்கப்பா."

"பழைய ராடா? வாந்தி எடுப்பாங்களேம்மா."

"எடுக்கட்டும்பா. முன்னாடி எடுத்தாங்கல்ல?"

"முன்னாடி தெரியாம எடுத்தாங்க. இப்ப எப்படிம்மா எடுப்பாங்க?" என்றான் சௌந்தரபாண்டி. அவனுக்கு மகள் மேல் உயிர். ஆகவே அவள் முகத்தைப் பார்த்துவிட்டு, "அந்த ராடை வீட்டு உத்திரத்துல மாட்டி வச்சிருக்கேன். அம்மாவுக்குப் பிள்ளை பெறந்ததும் தொட்டில் கட்டணும்ல? பேரை நீதான் வைக்கணும். நீ சொல்றதுதான் பேரு" என்றான்.

அது அவன் கொடுக்கும் சலுகை அல்ல. ஆனைச்சரிவில் இரண்டாவது பிள்ளையின் பெயரை முதல் பிள்ளைதான் காதில் மூன்று முறை சொல்ல வேண்டும். வேறு யார் சொன்னாலும் பெயர் ஒட்டாது. ஆனாலும் அவள் தலையை ஆட்டினாள், அது தலை ஆட்டியதா ஐந்தாவது வளைவா என்று தெரியாதபடி.

பிள்ளை ஆணாகப் பிறந்தது. பழைய மெல்லிய ராடில் அம்மாவின் சேலையைக் கட்டித் தொட்டிலாக்கினார்கள். அன்று டீக்கடையில் யாரோ அதை முதலில் சொன்னார்கள். யார் என்று பிறகு யாருக்கும் ஞாபகமில்லை. தொட்டிலில் கிடக்கும் பிள்ளை சாய்ந்தால் யாருக்கு என்ன கெடுதல்? தொட்டில் என்றால் ஆட வேண்டியதுதானே? ஆட்டிவிடுவதற்கு ஒரு ஆளும் மிச்சம். நாலாம் வகுப்புப் பிள்ளையைத் தூணில் கட்டிப் போட்டிருப்பதைப் பார்க்க நமக்கும்தான் கஷ்டமாக இருக்கிறது, வெளியூர்க்காரர்கள் வேறு ஒரு மாதிரியாகப் பார்க்கிறார்கள், பெரியவளை அவிழ்த்து விட்டுவிடலாம்.

தவமணி சங்கத்தாரோடு ஒரு சீப்பு வாழைப்பழம் வாங்கிக்கொண்டு வீட்டுக்கு வந்தார். சௌந்தரபாண்டியின் மனைவி பூங்கோதை பிள்ளையை மார்போடு வைத்துக்கொண்டு உள்ளே உட்கார்ந்திருந்தாள்.

"மதினி, ரெண்டு பிள்ளைக்கும் நல்லது. பெரியவளுக்கு விடுதலை, சின்னவனுக்குத் தூக்கம்."

"தொட்டில்ல எத்தனை நாளு கெடப்பான்? எந்திரிச்சு நடக்க மாட்டானா?"

"நடக்கும்போது பாத்துக்கலாம் மதினி. அதுக்குள்ள ஊர்ல வேற யாருக்காச்சும் பிள்ளை பெறக்காமயா போயிரும்?"

சௌந்தரபாண்டி வாழைப்பழத்தை வாங்கி உள்ளே வைத்தான். அதுதான் அவன் பதில்.

பெயர் வைக்கும் நாளில் எல்லா டிரைவர்களும் விருந்துக்கு வந்ததால் எல்லாக் கார்களும் நின்றன. சஷ்மிதாவின் பெல்ட்டுகளை அவிழ்த்தார்கள். அவள் தன் கால்களால் நடந்து வீட்டுக்கு வந்தாள். வாசலில் பாக்கியநாதன் சிவப்புத் தாளும் மஞ்சள் தாளும் கத்தரிக்கோலுமாக உட்கார்ந்திருந்தார். பெயரைக் கேட்டதும் வெட்டிவிட்டால், சாப்பிட்டு முடிப்பதற்குள் ஒட்டிவிடலாம். அவர் அவளைப் பார்த்து, "வா தாயி" என்றார். அவள் முகத்தை அவர் பார்க்கவில்லை, காலைத்தான் பார்த்தார்.

பூங்கோதை மகளை அடுப்படிக்குள் கூட்டிப் போய்க் கதவைச் சாத்தினாள். எண்ணெய் தடவித் தலை சீவிவிட்டாள். பந்திக்கு வைத்திருந்த கேசரியில் முந்திரி உள்ள பக்கமாக எடுத்து ஊட்டினாள். ஊட்டிக்கொண்டே அழுதாள்.

"பேரு சொல்லாதடி தங்கம். மறந்துருச்சுன்னு சொல்லிரு. யோசிச்சு அடுத்த மாசம் சொல்றேன்னு சொல்லு, அதுக்கும் அடுத்த மாசம் இன்னொண்ணு சொல்லு. பேரு இல்லாட்டி அவனை ஒண்ணும் பண்ண முடியாது."

சஷ்மிதா கேசரியை விழுங்கினாள். "அப்ப நான்?"

"ஒனக்குப் பழகிப் போச்சுடி. அவனுக்குப் பழகல."

"எனக்கு எப்பம்மா பழகுச்சு?"

பூங்கோதை மகளின் நெற்றியில் பொட்டைச் சரிசெய்து, கன்னத்தில் முத்தம் கொடுத்து, கதவைத் திறந்துவிட்டாள்.

கூடம் நிறைய ஆட்கள் இருந்தார்கள். சஷ்மிதா அவர்களுக்கு நடுவே, எந்தப் பக்கமும் சாயாமல், தொட்டிலை நோக்கி நடந்தாள். வழியில் சன்னலுக்கு வெளியே பிள்ளைகள் மண்ணில் கட்டம் கீறிக்கொண்டிருப்பதைப் பார்த்தாள். எட்டுக் கட்டம், மேலே மலை என்று ஒரு அரைவட்டம். தொட்டிலுக்குள் தம்பி முழித்துக்கொண்டு கிடந்தான். உள்ளே குனிந்து அவன் கையைத் தொட்டாள். அவன் அவள் விரலைப் பிடித்துக்கொண்டான், பெல்ட்டைப் போல அல்ல, லேசாக. அவள் அந்தக் கையிலிருந்து விரலை எடுத்துக்கொண்டாள். பாவாடைப் பையிலிருந்து சில்லை எடுத்து உள்ளங்கையில் வைத்துக்கொண்டாள். அம்மா அடுப்படி நிலையைப் பிடித்தபடி அவளையே பார்த்துக்கொண்டிருந்தாள். 

சஷ்மிதா தம்பியின் காதில் "ரித்தீஷ்" என்று மூன்று முறை சொன்னாள். பிறகு, பாக்கியநாதன் வாசலில் இருந்ததால், அவருக்குக் கேட்கும்படி நான்காவது முறை சத்தமாகச் சொன்னாள்.